மணலை மீனின் நிறமூர்த்தங்கள்

ஆலங்குடாவில் மேற்கு நோக்கி நின்றால் சமுத்திரம். குடாநாட்டின் மறுபுறமோ புத்தளம் களப்பு. கடல்நீர், களப்புநீர் என்ற பேதமின்றி இரண்டிலும் உலவுகின்ற மணலை மீன் கறிச்சட்டியில் நமக்கு நன்கு பரிச்சயமானதே எனினும், அதன் ஒவ்வோர் உடற்கலத்தினுள்ளும் 48 நிறமூர்த்தங்கள் பரம்பரை இயல்புகளைச் சுமந்துகொண்டிருப்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. (மனிதருக்கு 46 தான்; எண்ணிக்கையே மேன்மைக்கு அடையாளமாயின் மணலை நம்மை வென்றுவிட்டது!)

30 கோடி வருஷங்களுக்கும் முன்னர், இன்றைய எலும்பு மீன்களுள் மிகப் பெரும்பாலானவற்றின் மூதாதையிடத்தே நிறமூர்த்தத் தொகுதி முழுவதுமே இரட்டித்தது. அவ்வாறு உண்டான பிரதிகளிற் பல காலக்கிரமத்தில் தேய்ந்து மறைய, எஞ்சியவற்றுட் சில புதிய தொழில்களை ஏற்றன. இக்குலத்து மீன்களிற் பலவற்றிடம் இன்று காணப்படுவது 48 என்ற எண்ணே. கார்ப் மீனிலோ பிற்காலத்தில் மீண்டும் ஓர் இரட்டிப்பு நேர்ந்து, எண்ணிக்கை 100 ஆயிற்று.

ஆயினும் எனக்கு அதிக விநோதமாகத் தோன்றுவது மணலையின் சுற்றத்திலேயே நிகழ்ந்தது. நம் மணலையின் நிறமூர்த்தங்கள் அநேகமாக ஒற்றைப் புயம் உடையவை; அதாவது, புயங்கள் பிரியும் ஒடுங்கிய புள்ளி அவற்றின் ஒரு முனையிலேயே உள்ளது. அமெரிக்கக் கரையோரத்தில் வாழும் அதன் உறவினமாகிய மூகில் கூரிமாவில் இருப்பவை 28 மாத்திரமே. ஆனால் அவற்றுள் 20 இரட்டைப் புயமும் எஞ்சிய 8 ஒற்றைப் புயமும் உடையனவாதலால், கூட்டிப் பார்த்தால் புயங்கள் அதே 48! அதாவது, நிறமூர்த்தங்கள் தொலைந்துபோகவில்லை. இரண்டிரண்டாக முனையொட்டி இணைந்துவிட்டன. வெனிசுவேலாக் கரையில் இவ்விணைப்பு முற்றுப்பெற்று, இரட்டைப் புயமுடைய 24 நிறமூர்த்தங்களோடு அதன் நெருங்கிய உறவினம் ஒன்று நீந்துகிறது.