உப்பின் குளோரினும் வெற்றிடத்தின் துடிப்பும்

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி பாத்தியாய் வாரிக் குவிக்கும் உப்பில் பாதி அணுக்கள் சோடியம், மறுபாதி குளோரின். அந்தக் குளோரினைக் கொண்டு செய்த ஓர் அளவீடு 1982-இல் வெளியானது. டீ ஆறுவதற்குள் அதைச் சொல்லிவிடலாம்.

முதலில் ஹைட்ரஜன். ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். அதன் இரண்டாம் மட்டத்தில் 2எஸ், 2பி என்ற நிலைகளில் ஒரு ஜோடிக்கு ஆற்றல் சரிசமம் என்றது இயற்பியலாளர் டிராக்கின் சமன்பாடு. 1947-இல் வில்லிஸ் லாம்பும் ராபர்ட் ரெதர்ஃபோர்டும் நுண்ணலைகளால் அளந்து பார்த்தால், 2எஸ் சற்றே மேலே நின்றது. இடைவெளி சுமார் 1,058 மெகாஹெர்ட்ஸ். இதற்கு லாம்ப் விலகல் என்று பெயர்.

காரணம் வெற்றிடம். அதிலும் மின்காந்தப் புலம் ஓயாமல் துடிக்கிறது. அந்தத் துடிப்பு எலக்ட்ரானை உலுக்குகிறது. 2எஸ் எலக்ட்ரான் கருவை ஒட்டியே வந்துபோகும். இழுவிசை உச்சமாக இருக்கும் அந்த இடத்தில் உலுக்கல் விழுந்தால் பிடி கொஞ்சம் தளரும், ஆற்றல் மட்டம் உயரும். 2பி எலக்ட்ரான் அவ்வளவு நெருங்குவதில்லை. அதனால் அதற்குப் பெரிய பாதிப்பில்லை.

குளோரின் கருவில் 17 புரோட்டான்கள். உப்பிலுள்ள குளோரினுக்கு 18 எலக்ட்ரான்கள். 17-ஐ உரித்துவிட்டால் ஒன்றே மிஞ்சும். பார்வைக்கு ஹைட்ரஜன்தான், ஆனால் கருவின் மின்சுமை 17 மடங்கு. அத்தகைய அயனிகளில் சில 2எஸ் நிலையில் சற்றுத் தங்கும். அவற்றின்மீது கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பாய்ச்சினார்கள். அதிர்வெண் சரியாகப் பொருந்தினால் எலக்ட்ரான் 2பி-க்கு மாறும். உடனே கீழே விழுந்து எக்ஸ் கதிரை உமிழும். எந்த அதிர்வெண்ணில் எக்ஸ் கதிர் கூடுகிறதோ, அதுவே இடைவெளியின் அளவு. விடை 31.19 டெராஹெர்ட்ஸ், ஹைட்ரஜனில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு! இதை அளந்த குழுவில் ஒருவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த சி. குமார் என். படேல். 1964-இல் அந்த வகை லேசரை உருவாக்கியவரே அவர்தான்.

பின்பு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் யுரேனியத்தை ஒற்றை எலக்ட்ரானோடு நிறுத்தி அளந்தார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, டிராக்கின் கணக்கிலிருந்து அடிமட்ட நிலையின் விலகல் 460.2 எலக்ட்ரான் வோல்ட், பிழை வரம்பு 4.6. கோட்பாட்டுக் கணக்கும் அந்த வரம்புக்குள்ளேயே வருகிறது.

ஹைட்ரஜனில் நம் கோட்பாட்டின் துல்லியத்தைச் சோதிக்கலாம். ஆனால் பெருஞ்சுமை கொண்ட கருவின் அருகே, மின்புலம் மிகக் கடுமையாகும்போதும் அது தாக்குப்பிடிக்குமா என்பதை இந்த அயனிகளால்தான் சொல்ல முடியும். அதற்காகவே இத்தனை பாடு. அந்தப் பாடு தகும்.