பெட்ரோல், டீசல் விலையேற்றமும் உழவு வாடகையும்

எண்ணெய் விலை ஏறிற்று என்னும் செய்தி கிராமத்துக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் பத்திரிகை அன்று. காலையில் டிராக்டருக்கு டீசல் வாங்கச் சென்றவர், முன்பு கொடுத்த அதே பணத்துக்கு முன்பு வாங்கிய அளவு கிடைக்காமல் திரும்பி வந்து சொல்லும்போதுதான் அது ஊருக்குத் தெரியவருகிறது. அவருடைய கோபமும் அநேகமாகப் பங்க்கில் குழாயைப் பிடித்து நிற்கும் பையன்மேல் விழுகிறது. அப்பையனுக்கும் விலைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவனுடைய முதலாளிக்கும் மிகக் குறைந்த சம்பந்தமே உண்டு. பங்க்காரருக்கு லிட்டர்க் கணக்கில் தரகு. விலை ஏறினால் அவர் சரக்கெடுக்கப் போடவேண்டிய முதல் ஏறுகிறதேயன்றி, தரகு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. விலை உண்டாகும் இடம் வேறு.

இந்தியாவில் உபயோகமாகும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. காவேரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களிலும் எண்ணெய் எடுக்கப்படுகிறதெனினும், தேசத்தின் தேவைக்கு முன் அது மிகச் சொற்பம். வெளிநாட்டு எண்ணெய் பீப்பாய்க் கணக்கில், அமெரிக்க டாலரில் விலை பேசப்படுகிறது. ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். டாலருக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பீப்பாய்க்கு 1 டாலர் ஏறும்போது லிட்டருக்கு 50 காசு ஏறுகிறது. 10 டாலர் ஏறினால் 5 ரூபாய். இந்தக் கணக்கு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் எவரும் தமக்கு வரப்போகும் செலவை மதிப்பிடலாம். எண்ணெயின் விலை அசையாதிருந்து ரூபாயின் மதிப்பு இறங்கினாலும் பலன் ஒன்றே. பீப்பாய் 80 டாலராக இருக்கையில், டாலருக்கு 75 ரூபாய் என்பது 80 ரூபாயாக மாறுமானால், லிட்டருக்கு இரண்டரை ரூபாய் கூடிவிடும்.

கச்சா எண்ணெய் ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை வெங்காயம் பயிரிடுவோருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. வரத்து நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் விலை பத்து மட்டும் ஏறி நிற்பதில்லை, இரட்டித்தும் போகும். வாங்குவோர் உடனே வாங்காமல் இருக்க முடியாத பண்டங்களுக்கெல்லாம் இஃது இயல்பு. லாரி ஓடியாக வேண்டும். கப்பல் போயாக வேண்டும். உழவுக்குப் பருவம் காத்திராது. 1973ஆம் வருஷம் அக்டோபரில் மேற்கு ஆசியாவில் யுத்தம் மூண்டு, அரபு நாடுகள் எண்ணெய் வரத்தைக் குறைத்தபோது, பீப்பாய் 3 டாலர் சுமார் இருந்த விலை 1974 ஜனவரியில் 11 டாலருக்கு மேல் போயிற்று. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோதும், 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷியா உக்ரேன்மீது படையெடுத்தபோதும் விலை துள்ளி ஏறிற்று. இவற்றுள் கடைசியானதில் டீசல் உபயோகிப்போர் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. ஐரோப்பிய தேசங்கள் கச்சா எண்ணெயை மட்டுமன்றி, சுத்திகரித்த டீசலையும் ரஷியாவிடமிருந்து பெருவாரியாக வாங்கி வந்தன. அதற்கு இடையூறு நேரவே, உலகச் சந்தையில் டீசலின் விலை கச்சா எண்ணெயைக் காட்டிலும் அதிகமாக ஏறிற்று. இந்தியாவில் எண்ணெய்க் கம்பெனிகள் விலையைக் கணிக்கும்போது சுத்திகரித்த சரக்குக்கு உலகச் சந்தையிலுள்ள விலையையே ஆதாரமாகக் கொள்ளுகின்றன. ஆகையால், கச்சா எண்ணெய் சற்று இறங்கிற்று என்று கேள்விப்பட்டவுடன் டீசலும் இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர்.

முற்காலத்தில் விலையைச் சர்க்காரே நிர்ணயித்தனர். மாற்றம் வருஷத்தில் சில தடவைதான். ஏறும்போது ஒருங்கே ஏறும், நாடெங்கும் கூக்குரல் எழும், பிறகு அடங்கும். 2010 ஜூனில் பெட்ரோலும், 2014 அக்டோபரில் டீசலும் இந்தக் கட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் தினந்தோறும் காலை 6 மணிக்கு விலையை மாற்றும் ஏற்பாடு தேசம் முழுவதும் வந்தது. சில காசுகளாக மாறுவதால் ஒருவருக்கும் அதிர்ச்சி இராது என்று சொல்லப்பட்டது. அப்படியே அதிர்ச்சி குறைந்ததும் உண்மை. முப்பது நாள் முப்பது காசு ஏறினால் ஒன்பது ரூபாய் என்பதை மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவரே உணர்ந்தனர்.

இனி வரி. மத்திய சர்க்காரின் கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று நிலையாக விதிக்கப்படுவது. எண்ணெய் விலை ஏறுவதால் அது தானே ஏறாது. தமிழ்நாட்டின் விற்பனை வரியோ, 2022ஆம் வருஷத்தில் டீசலுக்கு நூற்றுக்கு 11 வீதமும், அதன்மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசுமாக இருந்தது. வீதக் கணக்கிலுள்ள பகுதி விலையோடு கூடவே ஏறும். அடக்க விலை 10 ரூபாய் ஏறினால் இதனால் மேலும் 1 ரூபாய் 10 காசு சேரும். 2017 ஜூலையில் பெரும்பாலான பண்டங்களுக்குச் சரக்கு சேவை வரி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்குள் சேர்க்கப்படவில்லை.

வண்டி ஓட்டுவோரின் மனக்கசப்புக்கு வேர் இந்த வரி விஷயத்திலேயே இருக்கிறது. 2014ஆம் வருஷ நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேலிருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கிற்று. இறக்கத்தின் பலன் முழுவதும் பங்க்குக்கு வந்து சேரவில்லை. இடையில் கலால் வரி ஒன்பது தடவை உயர்த்தப்பட்டது. 2020ல் கொள்ளை நோயால் உலகமே முடங்கியபோது எண்ணெய்க்குக் கேட்பார் இல்லை. ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் ஒரு வகை எண்ணெயின் முன்பேரம் பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. விற்பவனே பணம் கொடுத்துச் சரக்கைத் தள்ளிவிட வேண்டிய நிலை. அதற்கு அடுத்த மாதமே இங்கே டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும், பெட்ரோலுக்கு 10 ரூபாயும் வரி கூடிற்று. 2014ல் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த டீசல் கலால் வரி 31 ரூபாய் 83 காசை எட்டியது. வருமானம் வற்றிப்போன காலத்தில் சர்க்காரும் செலவுக்கு வழி தேட வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், உலகத்தில் ஏறினால் எமக்கு ஏறுகிறது, உலகத்தில் இறங்கினால் எமக்கு இறங்கவில்லை என்று ஓட்டுவோர் சொல்லுவது வெறும் புலம்பல் அன்று. கணக்கில் காணக்கூடிய விஷயமே.

வரி குறைந்ததும் உண்டு. 2021 நவம்பர் 3ஆம் தேதி, தீபாவளிக்கு முன்தின இரவு, டீசலுக்கு 10 ரூபாயும் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் கலால் வரி குறைக்கப்பட்டது. வாங்குவோர் மகிழ்ந்தனர், பண்டிகைக்காகத் தொட்டியை நிரப்பி வைத்திருந்த பங்க்காரர்கள் பழைய விலைச் சரக்கைப் புது விலைக்கு விற்று நஷ்டப்பட்டனர். அதன் பிறகு நாலரை மாதம் விலை அசையவில்லை. கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டிய பின்னும் அசையவில்லை. ஐந்து மாநிலத் தேர்தல்களின் முடிவு 2022 மார்ச் 10ல் வெளியாயிற்று. மார்ச் 22 முதல் விலை ஏறத் தொடங்கியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் டீக்கடை பெஞ்சுகளில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. 16 நாட்களில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 ரூபாய் ஏறி, சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டிற்று.

இருசக்கர வண்டி வைத்திருப்போர் இத்தகைய சமயங்களில் வேடிக்கையாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: “விலை ஏறினால் எனக்கென்ன? நான் எப்போதும் நூறு ரூபாய்க்குத்தானே போடுகிறேன்!” சிரிப்புக்காகச் சொல்லப்படினும் இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. சொந்த வண்டிக்காரர் பயணத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், நடந்தும் போகலாம். ஒரு ஏக்கர் நிலத்தை நூறு ரூபாய் டீசலுக்கு அடங்குமாறு சுருக்க முடியாது. வாடகைக்கு உழுபவருடைய கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

புழுதி உழவில் நடுத்தர டிராக்டர் ஒன்று மணிக்குச் சுமார் 5 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று கொள்வோம். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் மணிக்கு 50 ரூபாய். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 400 ரூபாய். அநேக இடங்களில் இது டிரைவருடைய தினக்கூலியில் பாதிக்கு வரும். 2022ல் இந்த ஏற்றம் வந்த காலமோ பங்குனிக் கடைசி. சம்பா அறுவடை முடிந்து, கோடை மழையை எதிர்பார்த்துப் புழுதி உழவு நடக்கும் பருவம். வாடகை ஊருக்கு ஊர் முன்னமே பேசி முடிந்திருக்கும். பேசியவர்களும் அந்நியர்கள் அல்லர். மாமன், மைத்துனன், பக்கத்து வயல்காரர். பாதி உழவு கடனுக்கு. அறுவடையில் நெல் விற்ற பிறகே பணம் கைக்கு வரும். டீசலுக்கோ ரொக்கம். தவணை கட்டும் வண்டியாக இருந்தால் மாதம் பிறந்தவுடன் அதற்கும் ரொக்கம். ஆகவே விலையேற்றத்தினால் வண்டிக்காரருக்கு உண்டாகும் முதல் சங்கடம் லாபம் குறைவதன்று, கைமுதல் வறள்வது. நாளை உழவேண்டிய வயல் காத்திருக்க, இன்று டீசலுக்குக் கடன் வாங்குகிறார். இதன் நடுவே அவர் குடியானவராகவும் இருந்தால் இன்னொரு வேற்றுமையும் அவர் கண்ணுக்குத் தெரியும். டீசலுக்குத் தினமும் விலை. நெல்லுக்கு ஆதார விலை வருஷத்துக்கு ஒரு முறை. 2021–22ல் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 1940 ரூபாய். மறு வருஷம் 2040.

2022 மே 21ஆம் தேதி கலால் வரி மறுபடியும் குறைக்கப்பட்டு, டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய் இறங்கிற்று. பின்பு உலகச் சந்தையில் விலை தணிந்தும், நெடுநாள் பங்க்கில் விலை அசையவில்லை. பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் அவ்வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நஷ்டம் காட்டின. அதை ஈடுசெய்துகொள்ளக் காலம் வேண்டும் என்பது அவற்றின் நியாயம். 2023–24ல் அவை பெருலாபம் கண்டன. 2024 மார்ச் மாதத்தில் 2 ரூபாய் குறைந்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ராபர்ட் பேக்கன் என்னும் பொருளாதார அறிஞர் 1991ல் இங்கிலாந்தின் பெட்ரோல் விலைகளை ஆராய்ந்து, அவை ஏறும்போது ஆகாசவாணம் போலவும் இறங்கும்போது இறகு போலவும் நடக்கின்றன என்று எழுதினார். அதன் பிறகு பல தேசங்களில் இது ஆராயப்பட்டிருக்கிறது. சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று சுவாரசியமானது. விலை ஏறும்போது வாங்குவோர் விழிப்பாக இருந்து, எங்கே குறைவு என்று விசாரிக்கின்றனர். இறங்கத் தொடங்கியதும், குறைந்ததே போதும் என்று விசாரிப்பதை விட்டுவிடுகின்றனர். விசாரிப்பார் இல்லாதபோது விற்பவருக்கு அவசரம் இல்லை.

இந்தக் கண்ணாடியைச் சற்று ஊர்ப்பக்கம் திருப்பினால் டிராக்டர்காரரும் அதில் தென்படுகிறார். டீசல் ஏறியபோது மணிக்கு 100 ரூபாய் ஏறிய உழவு வாடகை, டீசல் இறங்கியபோது இறங்கியதாகச் சொல்லக் கேட்பது அரிது. எண்ணெய்க் கம்பெனியைப் பற்றி அவர் பங்க்கில் சொன்ன குறையைக் குடியானவர் அவரைப் பற்றி வரப்பில் சொல்லுகிறார். வண்டிக்காரரைக் கேட்டால், டயர் ஏறிற்று, கூலி ஏறிற்று, ரோட்டவேட்டர் கத்தி ஏறிற்று என்பார், அவையும் பொய்யல்ல. ஆனால் ஏற்றியது டீசலின் பெயரால். இதனால் ஊரில் உண்டாகும் மனஸ்தாபம் பணத்தின் அளவைக் காட்டிலும் பெரிது. சிறு குடியானவர் ஒரு சால் உழவைக் குறைத்துவிடுகிறார். அல்லது கோடை உழவையே விட்டுவிடுகிறார். களையும் மண்ணில் தங்கும் புழுக்கூடும் அடுத்த பயிரில் அதற்குரிய கூலியை வாங்கிக்கொள்ளுகின்றன.

வாடகையை இரு கூறாகப் பேசிக்கொள்வதே இதற்குத் தகுந்த ஏற்பாடு. வண்டிக்கும் டிரைவருக்கும் மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அது பருவம் முழுவதும் மாறாது. டீசலுக்கு வேறு கணக்கு. மணிக்கு 5 லிட்டர் குடிக்கும் வண்டியானால், பேசிய நாளின் விலையிலிருந்து டீசல் ஒரு ரூபாய் ஏறும்போது மணிக்கு 5 ரூபாய் கூட்டவும், ஒரு ரூபாய் இறங்கும்போது 5 ரூபாய் குறைக்கவும் வேண்டும். பேசிய நாளின் பங்க் ரசீதை இருவரும் பார்த்து வைத்துக்கொள்வது நலம். கடனுக்கு உழுவிப்பவர்கள் டீசலுக்குரிய பகுதியையாவது ரொக்கமாகக் கொடுத்துவிட்டால், வண்டிக்காரர் வட்டிக்கு வாங்க நேராது. அந்த வட்டி வாடகையிலும் வந்து ஏறாது.

வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பதை ஊகத்துக்கு விடலாகாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தித் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி, மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஐந்து மணி நேரம் உழுதபின் அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் கழுத்துவரை அளந்து ஊற்ற வேண்டும். ஊற்றிய லிட்டரை ஐந்தால் வகுத்தால் கிடைப்பதே சரியான கணக்கு. சேற்றுழவுக்கும் புழுதி உழவுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். சேற்றில் அதிகம் பிடிக்கும். கணக்கு வழக்கத்துக்கு மேல் வந்தால் காற்று வடிகட்டியில் அடைந்த தூசியையும், டீசல் குழாய் மூட்டுகளையும் முதலில் பார்க்கவும். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் மூட்டு இரவும் பகலுமாக நாளைக்குச் சுமார் 4 லிட்டரைத் தரையில் விடுகிறது. வயலை நீளவாக்கில் உழுதால் திருப்பங்கள் குறையும். திருப்பத்தில் எரியும் டீசல் ஒரு சாலும் உழுவதில்லை.