எழுந்து ஆடுவதா, சாய்ந்து ஆடுவதா?

எனக்கு வீடியோ கேம் என்றால் ஓய்வு. வேலை முடிந்து, சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும்போதுதான் உடம்பின் இறுக்கம் தளர்கிறது. அதே டிவி முன்னால் எழுந்து நின்று, கையை வீசி, குனிந்து நிமிர்ந்து ஆடும் கேம்களும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது வேறு வகையான ஆட்டம். அதற்கான நேரமும் வேறு.

அசைவால் இயங்கும் கேம்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது நின்டென்டோ நிறுவனம் 2006-ல் வெளியிட்ட 'வீ' கருவி. 10 கோடிக்கும் மேல் விற்றது. டிவி ரிமோட் போல ஒற்றைக் கையில் அடங்கும் கன்ட்ரோலர். அமெரிக்கா, ஐரோப்பாவில் கூடவே 'வீ ஸ்போர்ட்ஸ்' விளையாட்டும் இலவசமாக வந்தது. இரண்டு குச்சியும் பத்துப் பன்னிரண்டு பொத்தானும் உள்ள கன்ட்ரோலரைத் தொடவே தயங்கிய என் அம்மா, அதில் பௌலிங் ஆடினார். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசி, பொத்தானை விட்டால் பந்து உருளும். "இதுல என்னடி கஷ்டம்? கையை வீசினா போதுமே" என்றார். அந்தக் கருவியின் பெரிய சாதனை அதுதான்.

அந்த ரிமோட்டுக்குள் இருந்தது முடுக்கமானி. கையின் வேகம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது, குறைகிறது என்பதை அது அளக்கும். கை எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் டென்னிஸில் முழுக் கையையும் சுழற்றத் தேவையில்லை, மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினாலே பந்து பறக்கும். இதைக் கண்டுபிடித்ததும் பலரும் உட்கார்ந்தே ஆட ஆரம்பித்தார்கள். 2009-ல் கைத்திருப்பத்தை அளக்கும் கைரோஸ்கோப் துணைக்கருவியாக வந்தபின் துல்லியம் கூடியது.

மைக்ரோசாஃப்ட் 2010-ல் கொண்டுவந்த 'கினெக்ட்' கன்ட்ரோலரையே எடுத்துவிட்டது. அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை அறையெங்கும் தெளித்து, கேமரா நம் உடம்பையே படிக்கும். ஆனால் ஆடுபவர் ஆறடி தள்ளி நிற்க வேண்டும். கட்டிலும் பீரோவும் போட்டதுபோக நம் வீடுகளில் அவ்வளவு இடம் ஏது? உடம்பின் அசைவைக் கணக்கிட்டுத் திரையில் காட்டுவதற்குள் சிறு தாமதமும் தெரியும். 2017-ல் அதன் உற்பத்தி நின்றது.

சாதாரண கன்ட்ரோலரில் கட்டைவிரல் ஒரு சென்டிமீட்டர்கூட நகராமல் திரையில் ஒருவர் மலையேறிவிடுவார். முழங்கை மடியில் கிடக்கும், தோள் தளர்ந்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் நீளும் கதையை இப்படித்தான் நிம்மதியாக ஆட முடியும். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்தவருக்கும், மூட்டுவலிக்காரருக்கும் அந்தச் சாய்வு தேவை.

இரண்டும் ஒத்துப்போகவும் முடியும். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமில் நடப்பதும் தாவுவதும் குச்சியிலும் பொத்தானிலும். வில்லால் குறிபார்க்கும்போது மட்டும் கன்ட்ரோலரை லேசாகச் சாய்த்தால் போதும். 2011-ல் வந்த 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' கேமில் கையை வீசினால்தான் வாள் சுழலும். 2021-ல் அதையே மறுபடி வெளியிட்டபோது, வலதுபக்கக் குச்சியாலும் வாள் வீசலாம் என்று மாற்றினார்கள். எல்லா கேம் நிறுவனங்களும் செய்ய வேண்டியது இதுதான்: எப்படி ஆடுவது என்பதை ஆடுபவரிடமே விட்டுவிட வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்டிகைக்கு உறவினர்கள் கூடும் வீடென்றால் அசைவு கேம் வாங்குங்கள். தாத்தா பாட்டியும் ஆடுவார்கள். வாரநாள் இரவுக்கு என்றால், கைக்கு அடக்கமான நல்ல கன்ட்ரோலர் ஒன்று போதும். வாங்குமுன் அமைப்புகளில் பொத்தான் முறையும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.