இரு கழிவுகள், இரு பாதைகள்

நாம் அருந்தும் நீர் வயிற்றிலிருந்து நேரே இறங்கிச் சிறுநீராக வெளியேறுகின்றது என்றே பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மலமும் சிறுநீரும் வெவ்வேறு இடங்களில் உருவாகி வெவ்வேறு பாதைகளில் வெளியேறுபவை.

வாயில் மெல்லப்பட்டு உமிழ்நீருடன் கலந்த உணவு, இரைப்பையில் அமிலத்தால் கூழாகின்றது. பின்னர் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலை அடைகின்றது. கல்லீரல் சுரக்கும் பித்தநீரும் கணைய நீரும் அங்கு வந்து சேர்ந்து அதைச் செரிக்கச் செய்கின்றன. சத்துகளையும் நீரின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் உட்சுவரே உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றது. எஞ்சிய நீரைப் பெருங்குடல் ஈர்த்துக்கொள்ள, செரிக்காத சக்கையும் கிருமிகளும் மலமாகின்றன.

சிறுநீரோ குடலில் பிறப்பதன்று, இரத்தத்திலிருந்து பிரிக்கப்படுவது. புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சுப்பொருளைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகின்றது. இடுப்புக்கு மேலே முதுகுப்புறம் அமைந்த இரு சிறுநீரகங்கள் அதை வடிகட்டுகின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிநீர் உருவாகின்றது. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்திற்கே திரும்ப, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகின்றது.

உடல் இவ்வளவு கவனமாகப் பிரித்துவைத்த இரண்டையும் நாம் ஒரே குழியில் கலந்துவிடுகின்றோம். நலமுடையவரின் சிறுநீரில் நோய்க்கிருமிகள் மிகக் குறைவு. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அதில் மிகுதி. மலத்திலோ காலரா, டைஃபாய்டு முதலிய நோய்களின் கிருமிகளும் புழு முட்டைகளும் இருக்கக்கூடும். இரண்டும் கலந்தால் உரமும் பாழாகின்றது. நிலத்தடி நீரும் கெடுகின்றது.

இதற்கு மாற்று வழி கண்ட ஊர்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறி. குளித்தலைக்கு எதிரே, காவிரியின் வடகரையில் உள்ள ஊர் அது. ஆற்றங்கரை ஊர்களில் நிலத்தடி நீர் மேலேயே கிடைப்பதால், கழிப்பறைக் குழி ஆழமானால் கிணற்று நீர் மாசடையும். எனவே மராச்சி சுப்புராமன் அவர்களின் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம், மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே சேர்க்கும் கழிப்பறைகளை அங்கு அமைத்தது. மலம் தரைக்கு மேலுள்ள அறையில் விழும். அதன்மீது சாம்பல் தூவப்படும். அறை நிறைந்ததும் மூடிவிட்டால், சில மாதங்களில் அது மக்கி எருவாகும். சிறுநீர் தனிக் கலத்தில் சேரும். நீரால் கழுவித் தூய்மை செய்யும் வழக்கமுடையவர்கள் நாம். ஆகவே கழுவும் நீருக்கும் தனி இடம் வைத்தனர். இல்லையேல் மலம் உலராது, எருவும் ஆகாது.

2008ஆம் ஆண்டளவில் இங்கு ஒரு புதுமை நிகழ்ந்தது. பிற ஊர்களில் பொதுக் கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும். முசிறியிலோ பயன்படுத்தியவருக்குத் தலைக்கு 10 காசு கொடுத்தனர்! சேர்ந்த சிறுநீரை உரமாக்கும் ஆய்வுகளும் நடைபெற்றன. சுப்புராமன் அவர்களுக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கழிப்பறை என்பது ஊர்த் தூய்மை பற்றியது மட்டுமன்று. பெண்களின் உடல்நலம் பற்றியதுமாகும். அவ்வசதி இல்லாத பெண்கள் இருட்டும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்கின்றனர்; அதற்காகவே தண்ணீர் அருந்துவதையும் குறைக்கின்றனர். சிறுநீர்ப்பையில் நெடுநேரம் தேங்கும் சிறுநீரில் கிருமிகள் பெருகும். அவை மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கினால் குளிர்காய்ச்சலும் முதுகுவலியும் தோன்றும். நீர் குறைந்தால் கல் உண்டாகும் வாய்ப்பும் மிகும்.

ஆகவே தாய்மார்களே! போதிய நீர் அருந்துங்கள். சிறுநீரையும் மலத்தையும் அடக்காதீர்கள். பள்ளி செல்லும் பெண் பிள்ளைகளிடம், அங்குள்ள கழிப்பறையைத் தயக்கமின்றிப் பயன்படுத்த முடிகின்றதா என்று இன்றே கேளுங்கள். முடியவில்லை என்றால், பள்ளி நிர்வாகத்தாரிடம் பேசுவது பெற்றோரின் கடமை.