விண்டோஸ் அப்டேட் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகலையா? ஃபார்மட் அடிப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்க!

லேப்டாப்பில் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கப் போனால், சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு கடைசியில் எரர் காட்டுகிறது. சர்வீஸ் பட்டியலுக்குள் போய் 'ஸ்டார்ட்' கொடுத்தாலும் 'எரர் 1058' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. "நெட் வருது, படம் ஓடுது, அப்டேட் வராட்டி என்ன இப்போ?" என்று பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்டேட் சர்வீஸ் என்றால் என்ன?

நாம் திறக்காமலேயே கம்ப்யூட்டருக்குள் பின்னணியில் ஓடும் புரோகிராம்களைத்தான் 'சர்வீஸ்' என்கிறார்கள். அதில் ஒன்று 'விண்டோஸ் அப்டேட்'. மைக்ரோசாஃப்ட் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தேடி எடுத்து இன்ஸ்டால் செய்வது இதன் வேலை.

இது தனியாக வேலை செய்வதில்லை. ஃபைலை டவுன்லோடு செய்து கொடுக்க 'பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர்' சர்வீஸ் இருக்கிறது. வந்த ஃபைல் உண்மையானதுதானா என்று சரிபார்க்க 'கிரிப்டோகிராஃபிக்' சர்வீஸ் இருக்கிறது. இதில் ஒன்று படுத்துக்கொண்டாலும் அப்டேட் நின்றுவிடும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

2017 மார்ச் 14-ல் விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஏறக்குறைய இரண்டே மாதத்தில், மே 12-ம் தேதி, அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' என்ற வைரஸ் புகுந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது அந்த வைரஸ். பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகின. மருந்து இரண்டு மாதம் முன்பே தயாராக இருந்தும், அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

சர்வீஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டுக்கு நேராக 'ரன்னிங்' என்று இல்லாவிட்டால் உடனே பதற வேண்டாம். இந்த சர்வீஸ் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்காது. வேலை வரும்போது எழுந்திருக்கும், முடிந்ததும் தூங்கிவிடும். அதனால்தான் இதன் 'ஸ்டார்ட்அப் டைப்' பொதுவாக 'மேனுவல்' என்று இருக்கும்.

தூங்குவது கோளாறு இல்லை. எழுப்பினாலும் எழுந்திருக்காததுதான் கோளாறு. அதற்கான முக்கியக் காரணம், 'டிசேபிள்ட்' என்ற ஒற்றை வார்த்தை.

எப்படி சரிசெய்வது?

1. ரீஸ்டார்ட் கொடுங்கள்: ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது வேறு, ரீஸ்டார்ட் வேறு. பல கம்ப்யூட்டர்களில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி ஆனில் இருப்பதால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் ஒரு பகுதி பழைய நிலையிலேயே சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

2. சர்வீஸைத் திறந்து பாருங்கள்: ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தேடி, அட்மின் அனுமதியுடன் திறக்கவும். 'விண்டோஸ் அப்டேட்' மீது டபுள் கிளிக் செய்து, ஸ்டார்ட்அப் டைப் 'டிசேபிள்ட்' என்று இருந்தால் 'மேனுவல்' என மாற்றவும். 'அப்ளை' கொடுத்த பிறகுதான் 'ஸ்டார்ட்' பட்டன் உயிர்பெறும். மேலே சொன்ன மற்ற இரண்டு சர்வீஸ்களும் 'டிசேபிள்ட்' ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

3. எரர் நம்பரைப் படியுங்கள்: 1058 என்றால் சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 1068 என்றால் அது நம்பியிருக்கும் இன்னொரு சர்வீஸ் ஓடவில்லை. 5 என்று மட்டும் வந்தால் உங்களுக்கு அனுமதி இல்லை, அட்மின் கணக்கில் நுழைய வேண்டும்.

4. டிரபிள்ஷூட்டரை ஓடவிடுங்கள்: விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிரபிள்ஷூட் என்று போனால் விண்டோஸ் அப்டேட்டுக்கான தனி டிரபிள்ஷூட்டர் இருக்கும். கூடவே சி டிரைவில் இடம் இருக்கிறதா, தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் அப்டேட் சர்வருடன் பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது.

5. பழைய ஃபோல்டரை ஒதுக்குங்கள்: சர்வீஸ் ஸ்டார்ட் ஆகியும் அப்டேட் பாதியில் நின்றால், ஏற்கெனவே டவுன்லோடு ஆன ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கலாம். விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் இரண்டையும் 'ஸ்டாப்' செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்' ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் 'ஓல்டு' என்று சேர்த்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் புதிய ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கொள்ளும். உங்கள் போட்டோ, டாக்குமென்ட் எதுவும் போகாது. அப்டேட் ஹிஸ்டரி பட்டியல் மட்டும் காலியாகத் தெரியும்.

சரிசெய்தும் மறுபடி 'டிசேபிள்ட்' ஆகிறதா?

அப்படியென்றால் யாரோ, அல்லது எதுவோ அதை ஆஃப் செய்கிறது. டேட்டா தீர்ந்துபோகிறதே என்று வீட்டில் யாராவது நிறுத்தி வைத்திருக்கலாம். ஸ்பீடு கூட்டுகிறேன் என்று சொல்லும் 'பூஸ்டர்' சாஃப்ட்வேர்களும் இந்த வேலையைச் செய்யும். ஆபீஸ் லேப்டாப் என்றால் அது நிறுவனத்தின் முடிவாகவும் இருக்கலாம். அதில் கை வைக்காமல் ஐ.டி பிரிவிடம் சொல்லிவிடுவதே நல்லது.

மூன்றும் இல்லை என்றால் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். 2008-ல் பரவிய 'கான்ஃபிக்கர்' வைரஸ், கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் அப்டேட் சர்வீஸைத்தான் முடக்கியது. ஓட்டையை அடைக்க விடாமல் பார்த்துக்கொள்ளும் தந்திரம் அது! இந்தச் சந்தேகம் வந்தால் 'விண்டோஸ் செக்யூரிட்டி'க்குள் போய், 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே சோதிக்கும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேவ் செய்துகொள்ளுங்கள்.

டேட்டா தீருதேன்னு கவலையா?

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை நியாயமானதுதான். அதற்காக சர்வீஸையே கொல்ல வேண்டாம். வைஃபை செட்டிங்ஸில் அந்த ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று மாற்றிவிட்டால், பெரும்பாலான அப்டேட்கள் தானாக டவுன்லோடு ஆகாது. அப்டேட்டைச் சில வாரங்களுக்கு 'பாஸ்' செய்யும் வசதியும் உண்டு. நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் மறக்காமல் ஒருமுறை அப்டேட் கொடுத்துவிடுங்கள்.

இந்த வலையில் விழாதீங்க!

"உங்க கம்ப்யூட்டர்ல அப்டேட் நின்னுபோச்சு, இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க" என்று திரையில் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எரர் மெசேஜில் போன் நம்பரே இருக்காது. 'ஒரே கிளிக்கில் அப்டேட் சரியாகும்' என்று சொல்லும் தெரியாத சாஃப்ட்வேர்களையும் இறக்க வேண்டாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சர்வீஸ் நன்றாக ஓடியும் அப்டேட் வரவில்லை என்றால், எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு, கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பதிவு செய்யாதவர்கள், லேப்டாப் தாங்கும் என்றால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடுவது பாதுகாப்பு.

இத்தனையும் செய்து பலன் இல்லை என்றால், முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். கடையில் "ஃபார்மட் அடிச்சிடலாமா?" என்று கேட்டால், அந்த 'டிசேபிள்ட்' என்ற வார்த்தையைப் பார்த்தாச்சா என்று முதலில் கேளுங்கள்.