புத்தகம் இல்லாத எக்ஸ்எல்: ஒரு வருடக் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தடித்த நான்கு டயரோடு மணலில் சீறும் ஏடிவி வண்டி நமக்கு விடுமுறை நாள் விளையாட்டு. மற்ற நாடுகளில் பண்ணை வேலைக்கும் அதுதான் வண்டி. இங்கே கருங்குழியில் உர மூட்டை, வைக்கோல் கட்டு, பால் கேன் எல்லாவற்றையும் வரப்போரம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது டிவிஎஸ் எக்ஸ்எல். 1980-இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50-இன் வாரிசு. அது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்த வண்டியாக இருக்கும். ஆர்.சி. கிடைக்கும்; கையேடு கிடைக்காது. ஆனால் பராமரிப்புக்கு வேண்டிய எண்களில் முக்கால்வாசி வண்டியிலேயே இருக்கின்றன. மீதியில் ஒன்றைத் தவிர மற்றதை ஸ்கேலும் சிரிஞ்சும் வைத்து நாமே அளந்துவிடலாம்.

முதலில், எந்தத் தலைமுறை வண்டி என்று தெரிய வேண்டும். பழைய எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, டூ ஸ்ட்ரோக்; பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 என்பது 99.7 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் தனியாக எஞ்சினுக்குள் இருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஆர்.சி.யில் சிசியும் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. 4 லிட்டர் டேங்க் நிரம்ப 80 மில்லி. மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கண்ணளவுக்கு வேலை இல்லை. ஆயில் லிட்டர் 350 ரூபாய் என்று வைத்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஆயில் செலவு 7 ரூபாய். பாதியாகக் குறைத்தால் மிச்சம் மூன்றரை ரூபாய். வருடத்துக்கு 200 லிட்டர் ஓட்டினாலும் 700 ரூபாய்தான். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் போர் வேலைக்கு ஆயிரக்கணக்கில் போகும். அதற்காக இரட்டிப்பாக ஊற்றினாலும் புகைதான் மிச்சம். பிளக் கரி பிடித்து நிற்கும்.

அடுத்து டயர். படிப்பதற்கு வண்டியில் இதைவிட நல்ல இடம் இல்லை. எக்ஸ்எல் 100-இன் டயரில் 2.50-16 41L 6PR என்று இருக்கும். 2.50 என்பது அங்குலத்தில் அகலம், 16 ரிம்மின் விட்டம். 41 என்ற சுமைக் குறியீட்டுக்கு ஒரு டயர் தாங்கும் உச்சம் 145 கிலோ. பக்கத்தில் நான்கு இலக்கம் தனியாக இருக்கும்: 1419 என்றால் 2019-ஆம் வருடம் 14-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கச் சுவர் வெடித்த பழைய டயரை நம்பிச் சுமை ஏற்ற முடியாது. காற்றழுத்தத்தில் மட்டும் கவனம் வேண்டும்: டயரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, தினம் அடிக்க வேண்டிய அளவு அல்ல.

இந்த 145-ஐ வைத்துச் சுமையைக் கணக்குப் பார்ப்போம். வண்டி எடை 88 கிலோ அளவில். கம்பெனி சொல்லும் சுமை 130 கிலோ, ஓட்டுபவரையும் சேர்த்து. ஓட்டுபவர் 65 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. ஒரு மூட்டை என்றால் சுமை 110, வண்டியோடு 198. இதில் 65 சதவீதம் பின்சக்கரத்தில் விழுகிறது என்று வைத்தால் 129 கிலோ, டயர் தாங்கும். இரண்டு மூட்டையையும் பின்னால் கட்டினால் சுமை 155, மொத்தம் 243, பின்சக்கரத்தில் 158. டயரின் உச்சத்தை 13 கிலோ தாண்டியாயிற்று. ஒன்றை முன்னால் கால் வைக்கும் இடத்துக்கு மாற்றி, பின்பங்கு 55 சதவீதத்துக்கு இறங்கினால் 134, டயர் பிழைக்கும். ஆனாலும் 130 என்ற வரம்புக்கு 25 கிலோ மேலேதான் இருக்கிறோம். அந்த 25 கிலோவையும் சேர்த்து நிறுத்த வேண்டியது இரண்டு சின்ன டிரம் பிரேக்குகள். ஜிஎஸ்டி நெடுஞ்சாலையைக் கடக்கும்போது இதை நினைக்க வேண்டும். இரண்டு நடையாகப் போவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

செயினிலும் எண் உண்டு. 415, 420, 428 என எதுவானாலும் முதல் இலக்கம் 4 என்றால் எட்டில் நான்கு அங்குலம். ஒரு கண்ணிக்கு 12.7 மில்லிமீட்டர். 20 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் புதுச் செயின் 254 மில்லிமீட்டர் இருக்கும். 259-ஐத் தொட்டால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும்.

பிளக் இடைவெளி இத்தகைய வண்டிகளில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஹாக்சா பிளேடின் முதுகுப் பக்கம் கைகொடுக்கும். அதன் தடிமன் ஏறக்குறைய 0.65. புதுப் பிளக்கைக் கையால் முழுக்கத் திருகிய பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். ஏற்கெனவே போட்ட பிளக் என்றால் வாஷர் நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று. பலம் காட்டினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி ஆயிலை இறக்கி, கோடு போட்ட பாட்டிலில் அளந்து எழுதி வையுங்கள். பழைய உரிமையாளர் குறைவாக வைத்திருக்கலாம். அதனால் முதல் அளவை வேதவாக்காக எடுக்காமல் ஆயில் குச்சியின் மேல்கோடு வரை ஊற்றி, ஊற்றியதையும் எழுத வேண்டும். அடுத்த முறை இறங்குவது அதைவிடக் கணிசமாகக் குறைந்தால், ஒழுகலும் இல்லையென்றால், எஞ்சின் ஆயிலை எரிக்கிறது.

இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் வருடச் செலவு. தினம் 30 கிலோமீட்டர், 300 நாள்: 9,000 கிலோமீட்டர். விலைகளைக் கணக்குக்காகத் தோராயமாக வைக்கிறேன். பிராண்டுக்கும் கடைக்கும் மாறும். மூன்று முறை ஆயில் 1,200, பிளக் 120, இரண்டு பக்கமும் பிரேக் ஷூ 400, இரண்டு வருடம் உழைக்கும் செயின் செட்டில் இந்த வருடப் பங்கு 450, டயர், டியூப் பங்கு 650, கேபிள்கள் 300. மொத்தம் 3,120 ரூபாய்.

இந்தப் பராமரிப்பைச் செய்யாமல் விட்டால்? அடைத்த ஏர் ஃபில்டர், உரசும் பிரேக், காற்றில்லாத டயர் மூன்றும் சேர்ந்து லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டியை 42-க்கு இறக்குவதாக வைப்போம். 180 லிட்டரில் முடிவது 214 ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 3,400 ரூபாய் புகையாகப் போனது. டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி அளந்தால்தான் இது தெரியும். ஓடோமீட்டர் ஓடாத வண்டியா? 2.50-16 டயரின் ஒரு சுற்று சுமார் 1.68 மீட்டர், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 600 சுற்று. போனில் ஜிபிஎஸ் இன்னும் எளிது. ஒன்றை நினைவில் வையுங்கள்: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றலே ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. பத்து வருடம் முன்பு 55 கொடுத்த வண்டி இன்று 51 கொடுத்தால் வண்டியைக் குறை சொல்ல முடியாது. எத்தனாலுக்குப் பழைய ரப்பர் டியூப்கள் ஆகாது. தொட்டால் பிசுபிசுப்பதையும் வெடித்ததையும் உடனே மாற்றுவது நல்லது.

கடலோரத்தில் சதுரங்கப்பட்டினம், கோகிலமேடு பக்கம் மீன் கூடையோடு ஓடிய வண்டியை வாங்குபவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். உப்புக் காற்றும் கூடையிலிருந்து சொட்டும் நீரும் ஸ்போக்கையும் சைலன்சரையும் முதலில் அரிக்கும். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. கேரியரின் அடிப்பக்க வெல்டிங்கைச் சுரண்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

காகிதச் செலவும் வண்டிச் செலவுதான். 2022 ஜூன் விகிதப்படி மூன்றாம் நபர் காப்பீடு 75 சிசி வரை 538 ரூபாய், அதற்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், வரி தனி. 15 வருடம் முடிந்த இருசக்கர வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க 1,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் முதல் 2,000. எட்டாயிரத்துக்கு வாங்கும் வண்டியில் இது கால் பங்கு.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் வால்வு இடைவெளி மட்டும் வண்டியில் எங்கும் எழுதியிருக்காது, அளந்தும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது இருக்கும் இடைவெளி தெரியும், இருக்க வேண்டியது தெரியாது. அந்த ஒரு வேலைக்கு அதே மாடலைத் தினமும் பிரிக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், அவர் சொல்லும் எண்ணை ஆர்.சி. நகலின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.