குடியை விட விரும்புவோர் கூடும் இடம்

கூலி நாளில் பணம் முதுநகர்க் கடைத்தெருவைத் தாண்டி வீடு சேர்வது சில தறிக்காரர் குடும்பங்களில் அரிதாயிருப்பதை நாம் அறிவோம். பழிப்பதாற் பயனில்லை, குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், அந்நோயுற்ற பங்குத் தரகர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றன. சந்தா இல்லை (நம் சங்கத்தில் அது நடவாது!); முழுப்பெயரும் கேளார். குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. பேசக் கூசுபவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அருகில் கூட்டம் உண்டா என அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்து நேரலாம்; ஆதலால் முதலில் மருத்துவரைக் காண்க. முதற் கூட்டத்துக்குத் தனியே செல்லத் தயங்குபவருடன் பக்கத்துத் தறிக்காரர் வாயில் வரையிலேனும் போய்வரலாம்.